அறுபத்து நாலு கிலோ

ஆரணி
17.1.2025

சுபா,

பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக உன்னை எடுத்துவிட்டார்கள், எடை மட்டும் ஏழு கிலோ குறைகிறது. உன் கடிதத்தில் இருந்த சங்கதி இவ்வளவுதான். மீதி மூன்று பக்கமும் பனியைப் பற்றி. பனி வெள்ளையாக இருக்கும் என்று எனக்கும் தெரியும்.

நீ கிளம்பின அன்று நான் காட்பாடி ஸ்டேஷனுக்கு வரவில்லை. ஸ்கூலில் விளையாட்டு டீச்சர் வேலையை விட்டுவிட்டு, தென்துருவத்துக்குப் பனிச்சறுக்குக் கட்டையில் நடந்து போகிறேன் என்கிற தங்கச்சிக்கு டாட்டா காட்ட எனக்கு மனசு வரவில்லை. வடக்கே பனிமலை முகாமில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். நல்லதாகப் போயிற்று. போனில் என்றால் இந்நேரம் நாலு சண்டை ஆகியிருக்கும். எழுதும்போது கோபம் வந்தால் பேனாவை மூடி வைத்துவிடலாம்.

நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். பிப்ரவரி இருபதாம் தேதி டாக்டர் எடை போடுவார். அறுபத்து நாலு கிலோ இருந்தால்தான் பத்து நாள் சோதனை நடைக்கு விடுவார்கள். அதில் தேறுகிற ஐந்து பேர் நவம்பரில் துருவத்துக்கு. நீ இப்போது ஐம்பத்தேழு.

ஊரில் எல்லோரும் பட்டினி கிடந்து எடையைக் குறைக்கிறார்கள், உனக்கு ஏற்றச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு இது ஒன்றுதான் பிடித்திருக்கிறது. "நான் இருவது வருசமா சொன்னத அவங்க சொன்னா கேக்கறாளா?" என்றாள்.

ஆற்காடு போய் மக்கன் பேடா மூன்று கிலோ வாங்கி, டின்னில் அடைத்து ஸ்பீட் போஸ்டில் போட்டிருக்கிறேன். கோவா, நெய், முந்திரி, ஜீரா. உங்கள் டாக்டர் கேட்கிற கொழுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. தினம் ஆறு தின்னு.

கமண்டல நாகநதி மணலில் நீ இடுப்பில் லாரி டயர் கட்டி இழுத்துகினு இருந்தபோது சிரித்தார்களே, அவர்கள் எல்லாம் இப்போது கடைக்கு வந்து "உங்க தங்கச்சி டிவில வருமா" என்று கேட்கிறார்கள். போன வாரம் போனில் புடவை காட்டி விற்கும்போது, தென்துருவம் போகிற பெண்ணின் அக்கா கடை என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு மட்டும் பதினோரு புடவை போனது. ஆகையால் இனி நீ திரும்பி வர வழி இல்லை.

பானு


முகாம்
1.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பேடா வந்து சேர்ந்தது. டின்னைத் திறந்தால் உள்ளே எல்லாம் கருங்கல். இங்கே காலையில் மைனஸ் பதினெட்டு. என் கூடாரத் துணை அன்புச்செல்வி ஒன்றை எடுத்து மண்வெட்டிப் பிடியால் தட்டிப் பார்த்தாள், பிடிதான் அதிர்ந்தது. அப்புறம் நாலு பேடாவைக் கவரில் சுற்றித் தன் ஜாக்கெட்டுக்குள், வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படுத்தாள். "முட்டய அட காக்கற மாதிரி இருக்குது" என்றாள். இளகிய பிறகு எனக்கு மூன்று, அவளுக்கு ஒன்று.

அவள் நம் பக்கம்தான், கலசப்பாக்கத்துக்காரி. ஜவ்வாது மலையில் வனக்காவலர். இங்கே இரண்டிரண்டு பேராகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கூடாரம், ஒரு அடுப்பு, நடக்கும்போது ஒரே கயிறு. எனக்கு அவள், அவளுக்கு நான்.

சாப்பாடுதான் என்னால் முடியவில்லை அக்கா. ஒரு நாளைக்கு ஐயாயிரம் கலோரி. காலைக் கஞ்சியில் கையளவு வெண்ணெய், டீயில் வெண்ணெய், நடக்கும்போது மணிக்கு ஒரு தரம் சாக்லேட்டும் கொட்டைப் பருப்பும், ராத்திரி எண்ணெய் மிதக்கிற காய்ந்த கறி. நடக்கிறபோது உடம்பே உடம்பைத் தின்னும், இரண்டு மாதத்தில் பத்து கிலோ போகும், போகிறதற்கு முதலில் இருக்க வேண்டும் என்று முகாமை நடத்துகிற மேடம் சொல்கிறார். புரிகிறது. ஆனால் நாலாவது வாய்க்கு மேல் தொண்டை மூடிக்கொள்கிறது. இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டேன், வெளியே பனியில், யாருக்கும் தெரியாமல். அன்புவுக்குத் தெரியும்.

அவள் சொல்கிறாள்: "ருசி பாக்காத. அடுப்புக்கு வெறகு போடறோம்ல, அப்பிடிப் போடு. ஆரணிக்காரங்க பட்டு மாதிரி ஆளுங்கடி. மினுமினுன்னு இருப்பீங்க, எடைக்குப் போட்டா ஒண்ணும் இருக்காது."

இன்று ஐம்பத்தொன்பது இருநூறு. இருபதாம் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள். இழுப்பதில் நான் இரண்டாவதாக வருகிறேன், கூடாரம் போடுவதில் முதல். எல்லாம் இருந்தும் இந்தத் தராசு முள்ளுக்காகத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று இருக்கிறது. நீ என்ன நினைக்கிறாய்?

சுபலட்சுமி


ஆரணி
10.2.2025

சுபா,

நீ அழுதுகினு எழுதியிருக்கிறாய் என்று இரண்டாவது பக்கத்து மையைப் பார்த்தாலே தெரிகிறது. அழுவதால் எடை குறையும். நிறுத்து.

கணக்கு போட்டுப் பார்த்தேன். இந்த வேகத்தில் இருபதாம் தேதி அறுபத்தொன்றரைதான் வருவாய். இரண்டரை கிலோ இடிக்கும். இரண்டரை கிலோவுக்காக இரண்டு வருஷம் டயர் இழுத்தது வீணாகப் போக வேண்டாம். ஒரு வழி இருக்கிறது.

நம்மிடம் நெய்துகொண்டிருந்த பச்சையப்பனை உனக்குத் தெரியும். நாம் பட்டு நூலையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுக்கிறோம், புடவையை நிறுத்து வாங்குகிறோம். போன ஐப்பசியில் அவன் கொண்டுவந்த புடவை சரியாக எழுநூற்று இருபது கிராம். கையில் தொட்டதும் எனக்குச் சந்தேகம். ஜில்லென்று இருந்தது. மாடியில் ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு எடுத்தேன். அறுநூற்று எழுபத்தைந்து. நூலை எடுத்துக்கொண்டு, புடவையை ராத்திரி முழுக்க ஈரத் துண்டில் சுற்றி வைத்திருந்திருக்கிறான். பட்டு தண்ணீரைக் குடிக்கும், முள் தண்ணீருக்கும் பட்டுக்கும் வித்தியாசம் பார்க்காது. அன்றோடு அவனுக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினேன்.

அவன் செய்தது திருட்டு. நீ யார் நூலையும் எடுக்கவில்லை.

அன்று காலை எழுந்ததும் ஒன்றுக்குப் போகாதே. உப்பு கலந்து இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றரை மணி நேரத்தில் குடித்து முடி. எடை போட்டு இறங்கினதும் போய்க்கொள். எடை என்பது அந்த நிமிஷத்து முள், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து நீ நடக்கப்போகிறாய், உன் கால் நடக்கும், முள் நடக்காது.

இதைப் படித்ததும் கிழித்துப் போடு. அன்புச்செல்வியிடம்கூடச் சொல்லாதே.

பானு


முகாம்
21.2.2025

அக்கா,

உன் கடிதம் எடை போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தது. ஒரு நாள் தாமதமாக வந்திருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது.

அறுபத்து நாலு புள்ளி ஒன்று. டாக்டர் முள்ளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நன்றாகச் சாப்பிட்டாயா என்றார். தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தால் தண்ணீர் வெளியே வந்துவிடும் போல இருந்தது. பெயருக்கு நேரே டிக் போட்டார்.

பனிச்சுவருக்குப் பின்னால் போய் நான் திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று. அன்பு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தினி லிட்டரு?"

"ரெண்டரை."

"உங்கக்கா ஐடியாவா?"

முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இனி பத்து நாளு ஒரே கயித்துல நீயும் நானும். தண்ணிய நம்பி நான் எப்பிடிடி இழுக்கறது?"

போய் டாக்டரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொன்னா நீ காலி. உனக்கு ஜோடி இல்லாம என்னையும் நிறுத்திடுவாங்க. வா, சாப்புடு" என்றாள். அவள் எழுந்து போகச் சொல்லியிருந்தால் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

நாளை விடிந்ததும் கிளம்புகிறோம். பத்து நாள் கடிதம் இல்லை.

சுபா


ஆரணி
25.2.2025

சுபா,

நான் எழுதினதைச் செய்யாதே. செய்திருந்தால் போய்ச் சொல்லிவிடு.

நீ ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பாய் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

நேற்று சென்னையிலிருந்து ஒரு அம்மா புடவையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். வாங்கி ஏழு மாசம் ஆகிறது, பீரோவில் வைத்திருந்து மகள் வளைகாப்புக்குப் பிரித்திருக்கிறார்கள். மடிப்பு மடிப்பாகப் பூஞ்சை. ஜரிகை கறுத்துவிட்டது. மடிப்பில் விரல் வைத்தால் பட்டு கிழிகிறது. சீட்டைப் பார்த்தேன், பச்சையப்பன் நெய்தது. நான் வெயிலில் போட்டுப் பார்க்க ஆரம்பித்ததற்கு முந்தின புடவை. எடை சரியாக இருக்கிறதே என்று வாங்கி, அப்படியே கவரில் போட்டு விற்றிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு வேறு புடவை கொடுத்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு அந்தப் புடவையை மடியில் வைத்துகினு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு முள் சரியாகத்தான் காட்டியது. தண்ணீர் அதற்கப்புறம் உள்ளே இருந்து தின்றிருக்கிறது. அப்புறம்தான் உனக்கு என்ன எழுதினேன் என்று உறைத்தது. போனில் தேடித் தேடிப் படித்தேன். உடம்பில் கொழுப்பு இல்லாதவர்கள் குளிரில் என்ன ஆவார்கள் என்று போட்டிருக்கிறது. கை கேட்காதாம், நாக்கு குழறுமாம், கடைசியில் தூக்கம் வருமாம்.

உங்கள் குழுவின் டில்லி ஆபீசுக்கு ஒன்பது தடவை போன் செய்தேன். நடை முடியும்வரை தொடர்பு கிடையாது என்று ஒரு பெண் இந்தியிலும் இங்கிலீஷிலும் சொல்கிறாள். எடை பொய் என்று அவளிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் ஒயர்லெஸ்ஸில் சொல்லி உன்னை நிறுத்தியிருப்பார்களோ என்னவோ. போனை வைத்துவிட்டேன். ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது?

அம்மா ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொண்டு படவேட்டுக்குப் போயிருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கடையில் உட்கார முடியவில்லை. எழுதுகிறேன்.

பானு


முகாம்
8.3.2025

அக்கா,

உன் கடிதம் நேற்றுதான் கையில் கொடுத்தார்கள். நாங்கள் இறங்கி வந்து ஒரு வாரம் ஆகிறது.

நான் உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாலு நாள் கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. அறுபது கிலோ சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு தினம் ஒன்பது மணி நேரம். ஐந்தாம் நாளிலிருந்து குளிர் வெளியிலிருந்து வரவில்லை, எலும்புக்குள்ளிருந்து வந்தது. அன்பு தன் பையிலிருந்து எடுத்து எனக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். அவரவர் ரேஷனை அவரவர்தான் சாப்பிட வேண்டும் என்பது முகாமின் முதல் சட்டம். "நீ வுழுந்தா உன்னையும் சேத்து நாந்தான் இழுக்கணும். அதுக்கு இது லேசு" என்றாள். இரண்டு நாள் பாதிச் சாப்பாட்டில் நடந்தாள்.

ஏழாம் நாள் சாயங்காலம் காற்று. என் விரல் கொக்கியைப் பிடிக்கவில்லை. ஏதோ சொன்னேனாம், அவளுக்குப் புரியவில்லையாம். அவள் ஒருத்தியாகக் கூடாரம் அடித்து, என்னை உள்ளே தள்ளி, வாசலில் அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள். தடித்த கையுறையோடு அடுப்பு பற்றவில்லை. இடது கையுறையைக் கழற்றிப் போட்டாள், அது காற்றில் போய்விட்டது. வெந்நீர் வைத்து எனக்கு ஊட்டி முடித்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். மோதிர விரலும் சுண்டு விரலும் மெழுகு மாதிரி இருந்தன. நகத்தால் தட்டினாள், சத்தம் கேட்டது.

மறுநாள் முகாமிலிருந்து வண்டி அனுப்பி எங்களைக் கீழே இறக்கினார்கள். இரண்டு விரலிலும் மேல் கணுவை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளை ஊருக்கு அனுப்புகிறார்கள்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? அன்புச்செல்வி: ரேஷனைப் பிறருக்குக் கொடுத்தார், கையுறையைக் கழற்றினார், இரண்டும் ஒழுங்கு மீறல், இனி எந்தக் குழுவுக்கும் அழைக்க வேண்டாம். சுபலட்சுமி: வயிற்றுக் கோளாறால் தளர்ந்தார், குணமாகிவிட்டார், திறமை நன்று.

நீ தளர்ந்ததற்கு வேறு காரணம் உண்டா என்று மேடம் இரண்டு தடவை கேட்டார். வயிறு என்றேன். இரண்டாவது தடவையும் வயிறு என்றேன். பக்கத்துக் கட்டிலில் அன்பு இருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நடந்த ஏழு நாளை வைத்தே மதிப்பெண் போட்டார்கள், ஐந்து பேரில் நான் நாலாவது.

சுபா


ஆரணி
17.3.2025

சுபா,

வாயை மூடிகினு நவம்பர் வரைக்கும் சாப்பிடு என்று எழுதினேன். கிழித்துவிட்டேன். மறுநாள் உட்கார்ந்து மறுபடி அதையேதான் எழுதுகிறேன். எனக்கு வேறு எழுதத் தெரியவில்லை.

போன விரல் திரும்ப வராது. நீயும் வெளியே வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும். ஒருத்தியாவது போனால் பட்ட பாட்டுக்கு ஒரு அர்த்தம் இருக்கும். அதையும் விட, அம்மா தெருவில் எல்லோருக்கும் கேசரி கொடுத்துவிட்டாள்.

அன்புச்செல்வி வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். என் தொழிலில் ஒருத்தருக்கு என்னால் நஷ்டம் வந்தால் ஈடு கட்டியிருக்கிறேன், ஓடி ஒளிந்ததில்லை. ஆஸ்பத்திரிச் செலவு, அவள் அம்மாவுக்குப் பட்டு, இன்னும் என்ன கேட்கிறார்களோ அது. நீ நடுவில் ஏதும் பேசாதே.

பானு


முகாம்
24.3.2025

அக்கா,

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உன் நம்பரை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். குரல் கேட்டால் நீ சொல்வதற்குச் சரி என்று சொல்லிவிடுவேன்.

இன்று எடை போட்டார்கள். அறுபத்தைந்து. தண்ணீர் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் வயிறு. இப்போது சாப்பாடு உள்ளே போகிறது. எதைக் கொடுத்தாலும் தின்கிறேன். நாலு வாரம் முன்னால் இப்படித் தின்றிருந்தால்.

பூட்ஸ் கொடுத்தார்கள். உள்பக்கம் மார்க்கர் பேனாவால் அ.செ. என்று எழுதியிருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்து. மேடம் அறை வாசல் வரைக்கும் மூன்று தடவை போனேன். நீயே சொல்லு அக்கா. எனக்கு வாயும் வரவில்லை, காலும் வரவில்லை.

சுபா


ஆரணி
1.4.2025

சுபா,

நேற்று கலசப்பாக்கம் போய் வந்தேன்.

போளூரில் பஸ் மாறி, இறங்கி, விசாரித்துப் போய்ச் சேர பதினோரு மணி ஆகிவிட்டது. அன்புச்செல்வியின் அம்மா பெயர் பாஞ்சாலை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். விதைக்கு வேர்க்கடலை உடைத்துகினு இருந்தாள். யார் என்று சொன்னேன். உடைப்பதை நிறுத்தவில்லை. "உக்காருங்க" என்றாள்.

புடவையைப் பிரித்து வைத்தேன். பணக் கவரையும் வைத்தேன். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க என் பொறுப்பு என்றேன். அவள் புடவையின் ஓரத்தைப் புறங்கையால் தள்ளினாள், கடலைத் தூசி படக்கூடாதாம்.

"எடுத்து உள்ள வையுங்க. கவருமெண்டு ஆஸ்பத்திரில காசு கேக்கல. வேலையும் எங்கயும் போவாது, மலையில ரெண்டு நுனி வெரலு இல்லாமலும் மரத்த எண்ணலாம்."

"அப்ப வேற என்னா வேணும்னு சொல்லுங்க, செஞ்சி குடுக்கறேன்."

"எம்பொண்ணு ஒழுங்கு கெட்டவன்னு எழுதிக்கிறாங்களே, அத எத்தினி புடவைக்கு அழிப்பீங்க?"

இருபத்தைந்து வயசில் ஏழு புடவையைத் தோளில் போட்டுகினு வேலூர் பஸ் ஏறின நாளிலிருந்து, எதிரில் இருக்கிறவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்து அதற்குக் குறைவாகக் கொடுத்துத்தான் பிழைத்திருக்கிறேன். பாஞ்சாலையிடம் எங்கே குறைப்பது என்று தெரியவில்லை.

அன்புச்செல்வி உள்ளேயிருந்து வந்தாள். இடது கையில் கட்டு. வலது கையில் எனக்கு டீ. "அம்மா, விடும்மா. சுபா போவட்டும். ஒருத்தியாவது பாக்கட்டும்" என்றாள். நான் உனக்கு எழுதின அதே வார்த்தை. என் வாயில் வந்தபோது அது வியாபாரமாக இருந்தது, அவள் வாயில் கேட்க முடியவில்லை.

"நீ கம்னு இரு" என்றாள் பாஞ்சாலை. "பதினெட்டு நாளா வெரல காட்டல, யாரு மேலயும் சொல்லல, எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு சுவத்தப் பாத்துகினு படுத்துனுக்கிற. இவங்க தங்கச்சி போறது எனக்குப் பேஜார் இல்ல. நீ பொய்யா நிக்கறது எனக்கு ஆவாது."

நான் பேரம் பேசிப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் யோசனை என்னுடையது, மேடத்துக்கு நான் மட்டும் எழுதிக் கொடுக்கிறேன், தங்கச்சி பெயர் வேண்டாம் என்றேன். பாஞ்சாலை தலையை ஆட்டினாள். "குடிச்சது அவங்க தான?" என்றாள். அடுத்த வருஷம் எழுதுகிறோம், துருவம் போய் வந்த பிறகு எழுதுகிறோம் என்றேன். "அடுத்த வருஷம் அந்தக் குழுவுக்கு ஆள் எடுக்கறதுக்குள்ள எழுதணும். வெரலு போனவங்களும் போறாங்களாம், மேடம் சொன்னாங்களாம். ரிப்போர்ட்டு கெட்டவங்கதான் போவ முடியாதாம்."

கிளம்பும்போது அன்புச்செல்வி பஸ் ஸ்டாப் வரை வந்தாள். மக்கன் பேடா நன்றாக இருந்தது என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள். நாலில் மூன்றை உனக்குக் கொடுத்தது தப்பு, இரண்டு இரண்டாகப் பிரித்திருக்க வேண்டும் என்றாள். சிரித்துத்தான் சொன்னாள்.

தண்ணீர் விஷயத்தைச் சொன்னால் உன்னை அங்கே வைத்திருக்க மாட்டார்கள். அடுத்த வருஷமும் கூப்பிட மாட்டார்கள். தெருவுக்கு என்ன சொல்வது என்று நான் இன்னும் யோசிக்கவில்லை. உன்னை அனுப்பவும் என்னால் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை, இந்தக் கையெழுத்து ஒன்றுதான் என் கையில் இருக்கிறது.

பேசி முடித்தது இது. மேடத்துக்கு ஒரு கடிதம், தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. எத்தனை லிட்டர், யார் சொன்னது, யார் குடித்தது, யார் யாருக்கு ஊட்டியது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். என் கையெழுத்தும் உன் கையெழுத்தும். ஒரு நகல் கலசப்பாக்கத்துக்கு, அதை நான் நேரில் போய்ப் பாஞ்சாலைக்குப் படித்துக் காட்ட வேண்டும். புடவை கிடையாது, பணம் கிடையாது. பூட்ஸ் அன்புச்செல்வி பெயருக்கே எடுத்து வைக்கப்பட வேண்டும். கெடு ஏப்ரல் பதினான்கு, நீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு நாள் முன்னால். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இரண்டையும் எழுதி, என் கையெழுத்தைப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன், கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன்.

பானுப்ரியா